பசளை மானியம்: பெயருக்கா, பயிருக்கா?

பெரும்போகம் தொடங்கும் காலம் வந்துவிட்டால் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களில் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் மூன்று கேள்விகள் சுற்றிச் சுற்றி வரும். வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறப்பார்கள்? மழை எப்போது பிடிக்கும்? பசளைக் காசு எப்போது விழும்? நான்காவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது. அதை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. அந்தக் காசு யாருடைய கணக்கில் விழுகிறது?

நான் ஓர் ஆசிரியர். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று வெளியேறிய நாளிலிருந்து வயலோடு வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத்தான் கற்பித்து வருகிறேன். பிள்ளையின் வரவு இடாப்பைப் பார்த்தே வயலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். விதைப்புக் காலத்தில் யார் வரமாட்டார், அறுவடைக்குப் பிறகு யாருக்குப் புதிய சப்பாத்து வரும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அந்த அனுபவத்தில் நின்றுகொண்டு, அரசாங்கம் தரும் உர மானியம் எப்படி வருகிறது, எங்கே போகிறது, போக வேண்டிய இடத்துக்கு அது போவதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

மானியம் வந்த வழி

இலங்கையில் உர மானியம் 1962ஆம் ஆண்டு ஆரம்பமானது. அதிக விளைச்சல் தரும் புதிய நெல்லினங்கள் பரவத் தொடங்கிய காலம் அது. அந்த இனங்களுக்குப் பசளை வேண்டும், பசளை வாங்க விவசாயியிடம் காசு இல்லை என்பதே மானியத்தின் அடிப்படை நியாயம். 1990இல் மானியம் நிறுத்தப்பட்டது. 1994இல் மீண்டும் வந்தது. 1997க்குப் பின் சில ஆண்டுகள் யூரியாவுக்கு மட்டும் என்று சுருங்கியது. 2005இல் ஐம்பது கிலோ மூட்டை ஒன்றை 350 ரூபாவுக்கு நெல் விவசாயிக்குக் கொடுக்கும் திட்டம் வந்தது. இன்று நாற்பது வயதைக் கடந்த விவசாயிகளுக்கு மானியம் என்றாலே அந்த 350 ரூபா மூட்டைதான் நினைவுக்கு வரும்.

2016இல் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. மூட்டைக்குப் பதிலாகக் காசு வந்தது. ஹெக்டயர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபா, ஆகக்கூடியது இரண்டு ஹெக்டயர் என்ற கணக்கில் வங்கியில் வைப்பிலிட்டார்கள். 2018இல் அது மாறி 500 ரூபா மூட்டையானது. 2020இல் நெல்லுக்கு உரம் இலவசம் என்றார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியே தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போகத்துப் பயிர் ஏற்கனவே வெளிறிப்போய் நின்றது. அதைத் தொடர்ந்து வந்த பொருளாதார நெருக்கடியில் யூரியா மூட்டையின் விலை எங்கே போய் நின்றது என்பதை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

நெருக்கடிக்குப் பிறகு மானியம் மீண்டும் காசாகத் திரும்பியது. ஹெக்டயருக்கு 15,000 ரூபா என்றிருந்த தொகை 2024/25 பெரும்போகத்துக்கு 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. உச்ச வரம்பு பழையபடி இரண்டு ஹெக்டயர்தான்.

ஒரு சின்னக் கணக்கு

ஹெக்டயர் என்பது அலுவலகக் கணக்கு. எங்கள் ஆட்கள் பேசுவது ஏக்கரில். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 0.405 ஹெக்டயர். ஆகவே ஹெக்டயருக்கு 25,000 ரூபா என்றால் ஏக்கருக்கு 10,100 ரூபா வரை வரும். ஐந்து ஏக்கர் செய்பவருக்கு வரம்பின்படி 50,000 ரூபா. பத்து ஏக்கர் செய்தாலும் அதே 50,000 ரூபாதான்.

இந்தக் கணக்கை நான் வகுப்பில் அலகு மாற்றம் கற்பிக்கும்போது பயன்படுத்துவதுண்டு. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கூட ஆர்வத்துடன் செய்வார்கள், வீட்டில் கேட்ட கணக்கு அல்லவா. ஒருமுறை நான்கு ஏக்கருக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன். நாற்பதாயிரத்துச் சொச்சம் என்று சரியாகச் சொன்ன மாணவன், "ஆனா சேர், எங்க வாப்பாக்கு அது வாறல்ல. காணிக்காரருக்குத்தான் வரும்" என்றான். வகுப்பில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவர்களில் பலருக்கு அது தெரிந்த விடயம்.

ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு மூட்டை யூரியா போகும். அதற்கு மேல் அடிக்கட்டுப் பசளை, எம்.ஓ.பி, களைநாசினி, உழவுக் கூலி, விதைநெல், அறுவடை இயந்திர வாடகை. பத்தாயிரம் ரூபா கிடைத்தால் ஒரு மூட்டை யூரியாவை வாங்கிவிட்டு மிச்சம் கொஞ்சம் கையில் நிற்கும், இரண்டாவது மூட்டைக்கு அது எட்டாது. மானியம் முழுச் செலவையும் ஈடுசெய்யும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் கடன் வாங்கித் தொடங்கும் ஒருவருக்கு அந்த ஒரு மூட்டை பெரிய கைகொடுப்பு. குத்தகைக்குச் செய்பவருக்கு அந்த ஒரு மூட்டையும் இல்லை என்றால், அதே வட்டையில் அடுத்த வரம்பில் நிற்கும் சொந்தக்காணிக்காரரை விட ஏக்கருக்குப் பத்தாயிரம் ரூபா பின்னால் நின்றுகொண்டே அவர் ஓடத் தொடங்குகிறார்.

காசு நடக்கும் பாதை

மானியக் காசு கொழும்பிலிருந்து நேராக விவசாயியிடம் வருவதில்லை. அது ஒரு பட்டியலின் மேல் நடந்து வருகிறது. ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் தனது எல்லைக்குட்பட்ட வயற்காணிகளுக்கான பதிவேடு இருக்கிறது. எந்தக் காணி, எவ்வளவு பரப்பு, உரிமையாளர் யார், பயிர் செய்பவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பேணப்படும் பதிவேடு அது.

போகம் தொடங்கும்போது ஆரம்பக் கூட்டம் நடக்கும். எந்தத் திகதியில் தண்ணீர், எத்தனை மாத நெல், எந்த வட்டை முழுவதும் செய்வது என்று முடிவாகும். அதன் பிறகு விவசாய அமைப்பும் வட்டை விதானையும் களத்தில் இருக்கும் உத்தியோகத்தரும் சேர்ந்து யார் எவ்வளவு செய்கிறார் என்ற விபரத்தைக் கொடுக்க, அது பதிவேட்டோடு ஒப்பிடப்பட்டு, நிலையத்தினூடாகத் திணைக்களத்துக்குப் போய், வங்கிக் கணக்குக்குக் காசாக வருகிறது.

இந்தப் பாதையில் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் எந்தப் படியிலும் தென்படமாட்டார். அவர் விதைத்திருக்கலாம், இரவில் காவல் கிடந்திருக்கலாம், யானைக்கு வெடி போட்டிருக்கலாம். பட்டியலைப் பொறுத்தவரை அந்த ஆள் இல்லை. மறுபக்கம், கொழும்பிலோ கட்டாரிலோ இருக்கும் காணிச் சொந்தக்காரர் வயல் வரம்பில் பல வருடம் கால் வைக்காமலே இருக்கலாம். பட்டியலில் அவர்தான் விவசாயி.

எங்கள் ஊர்களின் காணி வழக்கமும் இதைச் சிக்கலாக்குகிறது. காணி பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகும். உறுதி மனைவியின் பெயரில், பதிவு மாமனாரின் பெயரில், செய்கை குத்தகைக்காரரின் கையில் என்று மூன்று பெயர்கள் ஒரே வயலில் நிற்பது சாதாரணம். உம்மா, வாப்பா மௌத்தான பிறகும் பல ஆண்டுகளாகப் பதிவு மாற்றப்படாத காணிகள் எத்தனையோ. அப்படிப்பட்ட காணிகளில் மானியம் தடைப்பட்டு நின்ற பிறகுதான் சகோதர சகோதரிகள் ஓடித் திரிகிறார்கள். உறுதியே இல்லாத, அனுமதிப்பத்திரம் தொலைந்த, வன எல்லைக்குள் விழுந்துவிட்டது என்று சொல்லப்படும் காணிகளில் காலாகாலமாகச் செய்து வருபவர்களின் நிலைமை இதைவிட மோசம்.

பெயர் ஏன் மாற்றப்படுவதில்லை?

"அப்படியானால் குத்தகைக்காரரின் பெயரைப் பதிவேட்டில் போட்டால் முடிந்ததே" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் பிரச்சினையின் முடிச்சு இருக்கிறது. அது காணிக்காரரின் பேராசையால் மட்டும் விழுந்த முடிச்சல்ல, சட்டமும் அதில் சேர்ந்திருக்கிறது.

1958ஆம் ஆண்டு விவசாய அமைச்சராக இருந்த பிலிப் குணவர்தன நெற்காணிச் சட்டத்தைக் கொண்டு வந்தார். அந்த வருடத்தின் முதலாம் இலக்கச் சட்டம் அது. வாரத்துக்குச் செய்பவரை நினைத்த நேரத்தில் காணிக்காரர் வெளியேற்றும் வழக்கத்துக்கு முடிவுகட்டுவதே அதன் நோக்கம். வாரக்குடிக்கு நிரந்தர உரிமை, அவருக்குப் பின் அவரது வாரிசுக்கும் உரிமை, வாரத்துக்கு ஓர் உச்ச வரம்பு என்று அது எழுதியது. 1979இலும் 2000இலும் வந்த சட்டங்களும் வாரக்குடியின் பாதுகாப்பைக் கைவிடவில்லை.

நல்ல நோக்கம். ஆனால் அந்தப் பாதுகாப்பைக் கண்டு காணிக்காரர் என்ன செய்தார்? குத்தகைக்காரரின் பெயர் எந்தக் காகிதத்திலும் விழாமல் பார்த்துக்கொண்டார். பயிர் செய்பவர் இன்னார் என்று பதிவேட்டில் ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால், நாளை தகராறு வரும்போது அதுவே சான்றாக வந்து நிற்கும் என்ற பயம் அவருக்கு. ஆகவே குத்தகை வாய்ப்பேச்சாகவே நடக்கிறது. ஒரு போகம், இரண்டு போகம் என்று ஆளையும் மாற்றுகிறார்கள். குத்தகைக்காரரைப் பாதுகாக்க எழுதப்பட்ட சட்டமே அவர் காகிதத்திலிருந்து மறைவதற்கும் ஒரு காரணமாகிவிட்டது.

காணிக்காரரின் பயத்தை நாம் கேலி செய்யவும் முடியாது. காணிக்காரர் என்றதும் பழைய காலத்துப் போடியாரை மட்டும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு ஏக்கர் சீதனக் காணியை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் குத்தகை நெல்லில் வருடம் முழுவதும் அடுப்பெரிக்கும் விதவைத் தாய்மார் எங்கள் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அவருக்கு அந்தக் காணி போய்விட்டால் வேறொன்றும் இல்லை. குத்தகைக்காரருக்கு நியாயம் கேட்கும்போது இவரது நியாயத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மூட்டையும் காசும் ஒன்றா?

மானியம் பொருளாக வந்த காலத்தில் இந்த முடிச்சு இவ்வளவு இறுகவில்லை. காணிக்காரரின் பெயரில் ஐந்து மூட்டை வந்தாலும், வயல் செய்யாத அவருக்கு அதை வைத்து என்ன பயன்? "என்ட பேருல வந்திருக்கு, நீயே எடுத்துப் போடு" என்று குத்தகைக்காரரிடம் துண்டைக் கொடுத்துவிடுவார். மூட்டை வயலைத் தேடிப் போனது. அந்தக் காலத்திலும் மூட்டைகள் வெளியே விற்கப்பட்டன, மரக்கறித் தோட்டங்களுக்குப் போயின என்பது உண்மைதான். ஆனாலும் பெரும்பகுதி நெல்லடியில்தான் விழுந்தது.

காசு அப்படியல்ல. அதற்கு நெல்லடி தெரியாது. கணக்கில் விழுந்த காசு மகளின் கல்யாணத்துக்கும் போகும், மின்கட்டணத்துக்கும் போகும். பெயருக்குரியவர் நல்ல மனிதராக இருந்தால் குத்தகைக்காரரிடம் எடுத்துக் கொடுப்பார். கொடுப்பவர்களும் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள், அவர்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனால் ஓர் அரச திட்டம் தனிமனிதரின் நல்ல குணத்தில் தங்கியிருக்கக் கூடாது.

"மானியத்தைக் கழித்துத்தான் குத்தகை பேசினேன்" என்று சொல்லும் காணிக்காரர்களும் உண்டு. இருக்கலாம். அப்படியானால் எவ்வளவு கழிக்கப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும் அல்லவா? மானியம் 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவுக்கு உயர்ந்தபோது குத்தகை எத்தனை மரைக்கால் குறைந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

இன்னொன்றையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அறுவடையில் ஸகாத் என்று வரும்போது பயிர் செய்தவர் மீதுதான் கடமை என்று எங்கள் உலமாக்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். குத்தகைக்காரரும் களவெட்டியிலேயே அளந்து கொடுக்கிறார். ஸகாத் கொடுக்கும்போது விவசாயியாக இருப்பவர், மானியம் வரும்போது மட்டும் விவசாயி இல்லாமல் போவது என்ன நியாயம்?

காலம் தவறிய காசு

பெயர்ப் பிரச்சினைக்கு அடுத்ததாகக் காலப் பிரச்சினை. நெல்லுக்குப் பசளை நாட்பார்த்துப் போடும் மருந்து மாதிரி. விதைப்போடு அடிக்கட்டுப் பசளை. இரண்டு வாரத்தில் முதல் யூரியா. பிறகு மட்டம் வெடிக்கும் காலத்தில் ஒன்று, குடலை தொடங்கும் நேரத்தில் ஒன்று. மூன்றரை மாத நெல்லில் ஏழு, எட்டு வாரத்துக்குள் பசளையின் வேலை முடிந்துவிடும். கதிர் பால்பிடித்த பிறகு போடும் யூரியா காசுக்கும் கேடு, பயிருக்கும் கேடு. நோயையும் பூச்சியையும் கூப்பிட்டு விருந்து வைத்ததாகத்தான் முடியும்.

காசு விதைப்புக்கு முன் வந்தால் அது பசளையாகிறது. பிந்தினால் கடனை அடைக்கும் காசாகிறது. ஏனென்றால் பயிர் காத்திருக்காது. விவசாயி கடையில் கடனுக்குப் பசளை எடுத்துவிடுவார். அப்படி எடுப்பவர் பெரும்பாலும் அறுவடையில் நெல்லாகத் திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் எடுக்கிறார். அறுவடை நாளில் ஈர நெல்லை அந்தக் கடைக்காரர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டி வரும். ஒரு மாதம் காயவைத்து வைத்திருந்தால் கிடைக்கக்கூடிய விலை அவருக்கு இல்லை. மானியம் பிந்துவதால் வரும் நட்டம் அந்தப் பத்தாயிரத்தோடு நிற்பதில்லை, அறுவடை வரை கூடவே நடந்து வருகிறது.

குத்தகைக்காரருக்கு இது இரட்டை அடி. மானியம் அவருக்கு இல்லை. கடனோ முழுத்தொகைக்கும். மனைவியின் கைவளையல் ஈட்டுக்குப் போவதும், பிள்ளையின் சாதாரணதரப் பரீட்சைக்கான மேலதிக வகுப்பு நின்றுபோவதும் இந்தக் கணக்கின் கடைசி வரியில்தான். வகுப்பறையில் நாங்கள் பார்ப்பது அந்தக் கடைசி வரியை.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இது எங்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினையல்ல. அண்டை நாடான இந்தியாவில் தெலங்கானா மாநிலம் 2018இல் ரைத்து பந்து என்ற திட்டத்தைத் தொடங்கி ஏக்கருக்குப் போகம் ஒன்றுக்கு 4,000 இந்திய ரூபா கொடுத்தது. காசு காணி உரிமையாளருக்கே போனது. குத்தகைக்காரர்கள் வெளியே நின்றார்கள். காணிப் பதிவை வைத்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது தெளிவான உதாரணம்.

பக்கத்து மாநிலமான ஆந்திரா வேறு வழியை முயன்றது. 2019இல் பயிர்செய்பவரின் உரிமை பற்றி ஒரு தனிச் சட்டம் இயற்றி, குத்தகைக்காரருக்குப் பதினொரு மாதங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் ஓர் அட்டையைக் கொடுத்தது. அந்த அட்டையை வைத்து அவர் கடனும் காப்புறுதியும் மானியமும் பெறலாம். ஆனால் காணியில் எந்த உரிமையையும் கோர முடியாது. எங்கள் முடிச்சுக்கு நேரான பதில் இது. காணிக்காரரின் பயத்தையும் குத்தகைக்காரரின் தேவையையும் அது ஒரே காகிதத்தில் சமாளிக்கப் பார்த்தது. ஆனால் அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. அட்டை பெறக் காணிக்காரரின் கையெழுத்து வேண்டும். பலர் கையெழுத்து வைக்க மறுத்தார்கள். ஆகவே அதை அப்படியே எடுத்துவந்தால் போதாது, அந்த ஓட்டையையும் அடைக்க வேண்டும்.

அமெரிக்காவில் விவசாயிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் பெரிய கொடுப்பனவுகளில் ஒரு விதி இருக்கிறது. பயிரின் நட்ட இலாபத்தைச் சுமப்பவருக்கே கொடுப்பனவு. காணியைக் காசுக் குத்தகைக்கு விட்டவருக்கு அதில் பங்கில்லை, முழுவதும் குத்தகைக்காரருக்குத்தான். விளைச்சலில் பங்கு என்று பேசியிருந்தால் இருவரும் அந்தப் பங்கின்படி பிரித்துக்கொள்வார்கள். அங்கும் விதியைச் சுற்றிவரும் பெரிய பண்ணைகள் இருக்கின்றன. ஆனால் ஒரு கிராமப்புற மாவட்டத்தில் யாருக்கு எவ்வளவு போனது என்பதை 1995ஆம் ஆண்டிலிருந்து பெயர், தொகை சகிதம் ஒரு தொண்டு நிறுவனம் திரட்டி எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு வந்தது என்று ஊரே பார்க்கலாம். பொதுப்பணம் என்றால் அது பொதுவெளியில் தெரிய வேண்டும் என்பதே அங்குள்ள நியாயம்.

இங்கே என்ன செய்யலாம்?

முதலாவது, அரசாங்கம் செய்ய வேண்டியது. போகத்துக்குப் போகம் "இந்தப் போகத்தில் பயிர் செய்பவர்" என்று தனியாக ஒரு பட்டியல் எடுக்கப்பட வேண்டும். இந்தப் பதிவு மானியத்துக்கும் காப்புறுதிக்கும் மட்டுமே செல்லும், காணி உரிமைக்கோ வாரக்குடி உரிமைக்கோ சான்றாகாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால் காணிக்காரரின் பயத்துக்கு இடமிருக்காது. யார் செய்கிறார் என்பதை உறுதிப்படுத்தக் காணிக்காரரின் கையெழுத்தில் தங்கியிருக்கவும் தேவையில்லை. வட்டை விதானைக்கும் பக்கத்து வயல்காரர் இருவருக்கும் அது கண்ணால் கண்ட உண்மை. அவர்களின் சாட்சி போதும்.

இரண்டாவது, பட்டியலை வெளியே தொங்கவிட வேண்டும். கமநல சேவை நிலையத்தின் அறிவித்தல் பலகையில், காசு வருவதற்கு முன்பே, வட்டை வட்டையாக, பெயரும் ஏக்கரும் எழுதித் தொங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இரண்டு ஹெக்டயர் வரம்பைத் தாண்டுவதற்காக வீட்டிலுள்ள எல்லோர் பெயரிலும் காணியைப் பிரித்துப் போடும் வித்தையும் அப்போது ஊருக்குத் தெரியும். தொங்கவிட மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கும் உரிமை ஒவ்வொரு பிரஜைக்கும் இருக்கிறது. விவசாய அமைப்புகள் அதைப் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, நாங்களே செய்யக்கூடியது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி கட்டளையிடப்பட்ட சமூகம் நாங்கள். ஆனால் வயல் குத்தகையை மட்டும் வாயால் பேசி முடிக்கிறோம். ஒரு பக்கத் தாள் போதும். எந்த வட்டை, எத்தனை ஏக்கர், எந்தப் போகம், குத்தகை எவ்வளவு, மானியம் யாருக்கு, தண்ணீர் இல்லாமலோ வெள்ளத்தாலோ பயிர் அழிந்தால் என்ன செய்வது. இந்த ஆறு விடயங்களையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, விவசாய அமைப்பின் செயலாளரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டால் பின்னர் மனவருத்தம் இல்லை. மானியம் காணிக்காரருக்கு என்றுதான் இருவரும் பேசியிருந்தால், குத்தகையில் எவ்வளவு குறைப்பு என்பதும் அதிலேயே இருக்கட்டும். விதைப்புக்கு முன் பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒரு ஜும்ஆவில் இதை நினைவூட்டினாலே பெரிய மாற்றம் வரும்.

நான்காவது, ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டியது. உங்கள் காணி யாருடைய பெயரில் பதிவில் இருக்கிறது என்பதைப் போகம் தொடங்குவதற்கு முன் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். மௌத்தானவரின் பெயர் இருந்தால் மரண அத்தாட்சிப் பத்திரத்தையும் உறுதியின் பிரதியையும் கொண்டுபோய் மாற்றுங்கள். ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டை எறிந்துவிடாமல் கோவைப்படுத்தி வையுங்கள். வங்கிக் கணக்கின் இலக்கமும் அடையாள அட்டையின் இலக்கமும் பட்டியலில் சரியாக இருக்கின்றனவா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர் வீட்டில் இருந்தால் பாடசாலைப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நல்ல பாடமும்கூட.

ஐந்தாவது, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் காணிச் சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கணக்கில் விழும் அந்தப் பணத்துக்குப் பசளை மானியம் என்று பெயர். நீங்கள் பசளை போடவில்லை. உங்கள் குத்தகைக்காரரோடு அதைக் கழித்துப் பேசவும் இல்லை என்றால், அது உங்களிடம் தங்கிய அமானிதம். தொலைபேசியை எடுத்து அவரது கணக்கு இலக்கத்தைக் கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

சட்டம் மாற நாளெடுக்கும். பாராளுமன்றத்தில் எங்கள் பிரதிநிதிகள் இதைப் பேச வேண்டும், நாங்களும் அவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அடுத்த போகத்துக்கான ஆரம்பக் கூட்டம் அதுவரை காத்திருக்காது. அந்தக் கூட்டத்தில் தண்ணீர்த் திகதியைக் கேட்பதோடு நிற்காமல், எங்கள் வட்டையில் இம்முறை யார் யார் செய்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் பட்டியலில் இருக்கிறார்கள் என்று ஒருவராவது எழுந்து கேட்கட்டும். கேள்வி கூட்டக் குறிப்பேட்டில் எழுதப்பட்டால், பதிலும் ஒருநாள் எழுதப்பட்டே ஆக வேண்டும்.